பதினான்கு நாள் இராத்திரி

சென்ற புரட்டாசிப் பௌர்ணமியன்று நாம் போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலையில், ஒரு நண்பரின் தோட்டத்தில் இருந்தோம். போடிநாயக்கனூருக்குப் போகிறவர்கள் ஏலக்காய் வாங்கப் போவார்கள், அல்லது கல்யாணத்துக்குப் போவார்கள். நாம் இரண்டுக்கும் போகவில்லை. ரயில் ஏறும் ஆசையினால் போனோம். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்குப் போட்ட சின்ன ரயில் பாதையை, அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று சொல்லி 2010 முடிவோடு நிறுத்தினார்கள். மாற்றி முடித்துப் போடி ஸ்டேஷனுக்கு மறுபடி வண்டி வந்தது 2023 ஜூன் 15-ம் தேதி. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊதல் சத்தம் கேளாமல் இருந்த ஊர் அது. அந்த வண்டியில் ஒரு முறையாவது போய் வரவேண்டும் என்ற எண்ணம் நமக்கு வெகு நாளாய் இருந்தது.

வண்டியை விட்டு இறங்கியதும் நண்பர் நம்மை ஊரில் தங்க விடவில்லை. "ஏலக்காய் எடுப்பு நடக்கிற சமயம். மேலே வந்து பாருங்கள்" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார். போடிமெட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. எண்ணிப் பார்க்க வேண்டுமென்று புறப்பட்டோம். ஒன்பதாவது வளைவுக்கு மேல் எண்ணுவதை விட்டு ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொள்வதில் கவனம் செலுத்தினோம். விடிவதற்குள் போடியிலிருந்து இப்படியே ஜீப் ஜீப்பாய் ஜனங்கள், பெரும்பாலும் ஸ்திரீகள், மலைக்கு மேலே வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள். அவர்கள் யாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். அதற்குத் தோட்டத்தில் 'ஸ்டோர்' என்று பெயர். ஏலக்காயைப் பற்றி ஒரு விஷயம் நேயர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பறித்த பச்சைக் காயை வெயிலில் காய வைத்தால் அதன் பச்சை நிறம் வெளுத்துப் போகும். விலையும் கூடவே வெளுத்துப் போகும். அன்றியும் எடுப்புக் காலத்தில் மலையில் வெயிலை யார் கண்டார்கள்? ஆகையால் பறித்த காயை உடனே ஸ்டோருக்குள் கொண்டு போய்த் தட்டுகளில் பரப்பி, அடுப்பெரித்து, இரும்புக் குழாய் வழியாக அனலைச் செலுத்தி, சுமார் 50 டிகிரி உஷ்ணத்தில் 18 முதல் 24 மணி நேரம் வரை பதமாய் உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும். இரவு முழுதும் ஒருவர் விழித்திருந்து நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்தில் அப்படி விழித்திருப்பவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு பெரியவர்.

நாம் ஸ்டோருக்குள் கால் வைத்த சமயம் பார்த்து 'கரண்டு' நின்றது. மலையில் இது அதிசயமில்லையாம். விளக்கு அணைந்தது, காற்றைத் தள்ளுகிற விசிறி நின்றது. அடுப்பு மாத்திரம் நிற்கவில்லை. பெரியவர் அவசரப்படாமல் இரும்புக் கதவைத் திறந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளினார்.

"கரண்டு போனால் போகுதய்யா. விறகு இருக்குதில்லே?" என்றார்.

நண்பரின் மகன், என்ஜினீயரிங் வாசிக்கும் பையன், வாசலில் நின்றபடி சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இதைத்தான் நம் விக்ரம் செய்ய முடியாமல் போயிற்று. அதனிடம் விறகு இல்லை" என்றான்.

இந்த வாரம் நாம் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்த விஷயம்.

2023 ஜூலை 14-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்டு 23-ம் தேதி மாலை சந்திரனின் தென் துருவப் பக்கத்தில் மெள்ள இறங்கியதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் திட்டத்தின் டைரக்டர் விழுப்புரத்துக்காரரான ஸ்ரீ வீரமுத்துவேல் என்பதையும் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். இறங்கிய விக்ரமுக்கு 738 வாட் மின்சாரமும், அதன் வயிற்றிலிருந்து உருண்டு வந்த பிரக்ஞானுக்கு 50 வாட் மின்சாரமும் சூரிய ஒளியிலிருந்தே கிடைத்தன. ஐம்பது வாட் என்றால் வீட்டில் ஒரு மின்சார விசிறியைச் சுற்றப் போதும்; அதைக் கொண்டு அந்தக் குட்டி வண்டி அந்நிய மண்ணில் ஊர்ந்து, அங்கே கந்தகம் இருக்கிறது என்று சொல்லியனுப்பியது. ஆனால் செப்டம்பர் 2-ம் தேதி பிரக்ஞானையும் 4-ம் தேதி விக்ரமையும் தூங்கவைத்தார்கள். பொழுது விடிந்த பிறகு 22-ம் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

சந்திரனில் ஒரு பகல் நம் கணக்கில் பதினான்கு நாளுக்குச் சற்று அதிகம், இரவும் அவ்வளவே. வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறவர்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். விக்ரம் நிற்கும் இடத்தில் சூரியோதயம் நமக்கு வளர்பிறைப் பஞ்சமி வாக்கில். அஸ்தமனம் தேய்பிறைப் பஞ்சமி வாக்கில். நாம் ஸ்டோர் வாசலில் நின்ற பௌர்ணமி இரவில் அங்கே பிற்பகல். இன்னும் ஐந்து நாளில் பொழுது சாயும். பிறகு சுமார் 354 மணி நேரம் இருள். காற்று என்னும் கம்பளி இல்லாத ஊராகையால், பகலில் வாங்கிய உஷ்ணத்தையெல்லாம் தரை ஆகாசத்துக்குக் கொடுத்துவிட்டு, உறைநிலைக்குக் கீழே நூற்றைம்பது, நூற்றெழுபது டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சூரியனே படாத துருவப் பள்ளங்களில் இன்னும் கீழே. இருநூறு டிகிரிக்கும் அப்பால். அந்தக் குளிரில் பாட்டரியின் உள்ளிருக்கும் திரவம் உறைகிறது. பற்றவைத்த இணைப்புகள் சுருங்கி விரிசல் விடுகின்றன. யந்திரம் செத்துப் போவது வேலை செய்து களைத்தல்ல, குளிரில் விறைத்து.

"அப்படியானால் சூரியனிடம் வாங்கிப் பாட்டரியில் வைத்துக்கொள்வதுதானே?" என்று நண்பர் கேட்டார். வியாபாரி அல்லவா? இருப்பு வைப்பதுதான் முதலில் அவருக்குத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெரிய ஆசை ஒன்றும் வேண்டாம்; இரவு முழுதும் 100 வாட் மாத்திரம் போதும் என்று வைத்துக்கொள்வோம். 354 மணி நேரத்துக்கு 35 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. மாதக் கடைசியில் நம் வீட்டுக்கு வரும் பில்லைப் பார்த்தால் இது அற்பம். ஆனால் நல்ல லித்தியம் பாட்டரி ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் கொள்ளும். ஆக, பாட்டரி மாத்திரம் 180 கிலோ. பிரக்ஞான் வண்டியின் மொத்த எடையே 26 கிலோ! ஒரு கிலோவைச் சந்திரனில் இறக்குவதற்காகப் பூமியிலிருந்து எத்தனை கிலோ எண்ணெயும் இரும்பும் கிளம்ப வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், 180 கிலோ என்பது விளையாட்டல்ல.

இங்கேதான் 'எரிபொருள் மின்கலம்' வருகிறது. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதைத் திருப்பிப் போட்டால் இந்தக் கலம். இரண்டு வாயுக்களையும் சேரவிட்டால் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கின்றன. இதை 1839-ல் முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் க்ரோவ். அவர் வக்கீல், பிற்காலத்தில் ஜட்ஜாகவும் இருந்தார். வக்கீல்கள் பிரித்துவைப்பதில்தான் கெட்டிக்காரர்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பையன் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைக் கொண்டு விளக்கினான். நமக்கு அது பிடித்திருந்தது. ஹைட்ரஜன் அணு என்பது ஒரு பிரயாணியும் அவன் தலைமேல் ஒரு மூட்டையும். கலத்தின் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, அதுதான் சாவடி. சாவடிக்கு இந்தப் பக்கம் பிளாட்டினம் பூசிய தகட்டில் வந்து சேர்ந்ததும் மூட்டையை இறக்கிவிடுகிறான். சவ்வு பிரயாணியை மாத்திரம் உள்ளே விடும், மூட்டையை விடாது. மூட்டை, அதாவது எலெக்ட்ரான், கம்பி வழியாகச் சுற்றுப் பாதையில்தான் போயாக வேண்டும். போகிற வழியில் அது நம் விளக்கை எரித்துவிட்டு, விசிறியைச் சுற்றிவிட்டு, அப்பால் போகிறது. அந்தப் பக்கத்தில் காத்திருக்கும் ஆக்ஸிஜனோடு பிரயாணியும் மூட்டையும் மறுபடி சேர்ந்து, தண்ணீராகிறார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை, ஓடுகிற சக்கரம்கூட இல்லை. ஒரு கலத்தில் கிடைப்பது முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. ஆகையால் இட்லித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

இனிக் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனும் அது கேட்கும் எட்டுக் கிலோ ஆக்ஸிஜனும் சேர்ந்தால் ஏறக்குறைய 33 யூனிட் சக்தி. அதில் பாதி உஷ்ணமாய்ப் போய்விடுகிறது என்று தாராளமாய்த் தள்ளிவிட்டாலும் 16 யூனிட் மின்சாரம் கைக்கு வரும். நம் 35 யூனிட்டுக்கு ஹைட்ரஜன் இரண்டே கால் கிலோ, ஆக்ஸிஜன் 18 கிலோ. மொத்தம் 20 கிலோ சொச்சம். நூற்றெண்பது எங்கே, இருபது எங்கே!

பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "பாதி அனலாய்ப் போகுதுன்னீங்களே, அது எங்கே போகுது?" என்றார்.

நாம் திகைத்தோம். புத்தகங்களில் 'நஷ்டம்' என்று எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்து அவர் கைவைத்துவிட்டார். சந்திரனின் இராத்திரியில் அந்த அனல் எங்கேயும் போக வேண்டியதில்லை. யந்திரத்தை விறைத்துப் போகாமல் காப்பாற்ற வேண்டியதே அதுதான். மின்சாரத்துக்குச் சமமாக இன்னொரு 100 வாட் உஷ்ணம் இரவு முழுதும் இலவசமாய்க் கிடைக்கிறது. அதை வெளியே விடாமல் போர்த்தி வைத்து, பாட்டரிக்கும் கணக்குப் பெட்டிக்கும் குழாய் மூலம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வருஷமாய் ஸ்டோரில் அனலைக் குழாயில் விட்டு ஏலக்காய்க்குப் பதம் பார்க்கிறவருக்கு அது சட்டென்று தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

இனி, இதில் இருக்கும் சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் லேகிய வியாபாரியின் பேச்சாகிவிடும். ஹைட்ரஜன் மகா லேசான வாயு. 200 மடங்கு அழுத்தி அடைத்தாலும் ஒரு கிலோவுக்கு அறுபது எழுபது லிட்டர் இடம் கேட்கும். சாதாரண எஃகு சிலிண்டரில் அடைத்தால், சிலிண்டரின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் உள்ளே இருக்கும் சரக்கு. விண்வெளிக்கென்று நார் சுற்றிச் செய்த லேசான தொட்டிகள் உண்டு என்றாலும், தொட்டியின் எடை நம் இருபது கிலோவோடு சேரத்தான் செய்யும். உண்டாகிற தண்ணீர் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வாயு தீர்ந்துவிட்டால் கலமும் தீர்ந்தது. முதல் இரவு தாண்டலாம், இரண்டாவது இரவுக்கு?

அதற்கும் வழி இருக்கிறது. இரவில் உண்டான தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்து வைத்து, பதினான்கு நாள் பகலில் சூரிய மின்சாரத்தைக் கொண்டு மறுபடி இரண்டு வாயுவாகப் பிரித்துவிட்டால், அடுத்த இரவுக்கு விறகு தயார். கோயம்புத்தூர் ஜில்லாவில் உள்ள கடம்பாறை மின்சார நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள்; வேண்டும் வேளையில் இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். அந்த மாதிரி ஏற்றி இறக்குவதில் நூறு யூனிட் கொடுத்தால் முக்கால் பங்கு திரும்பும். தண்ணீரைப் பிரித்துச் சேர்க்கும் வித்தையில் நாற்பது, ஐம்பது திரும்பினாலே பெரிய காரியம். ஆனால் சந்திரனின் பகலில் மேகம் கிடையாது, வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நம் தேசம் இதில் எங்கே நிற்கிறது? 2024 ஜனவரி 1-ம் தேதி பி.எஸ்.எல்.வி. ஸி-58 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு செயற்கைக் கிரகத்தைக் கொண்டுபோய் விட்டது. வேலை முடிந்த பிறகு ராக்கெட்டின் நான்காவது அடுக்கைக் குப்பையாய் எறியாமல், 350 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கி, பரிசோதனை மேஜையாக உபயோகித்தார்கள். நம் வீடுகளில் மரப்பெட்டியை மேஜையாக்கும் சிக்கனம் இஸ்ரோவுக்கும் இருக்கிறது! அந்த மேஜையின்மீது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் நிலையத்தார் செய்த 100 வாட் ரக எரிபொருள் மின்கலம் ஒன்று இருந்தது. சவ்வு வைத்த கலம். நாம் மேலே சொன்ன சோதனைச் சாவடி ஜாதி. தொட்டிகளில் அழுத்தி அடைத்த இரு வாயுக்களைச் சேர்த்து, கொஞ்ச நேரச் சோதனையில் அது 180 வாட் மின்சாரம் கொடுத்தது. எடை என்பதே தோன்றாத இடத்தில் வாயுவும் தண்ணீரும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அறிவதுதான் நோக்கம். இது சந்திரனில் நடந்த சோதனையல்ல. பூமியைச் சுற்றும் பாதையில் நடந்தது. சந்திர இரவுக்குத் தயார் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் படி ஏறியாயிற்று என்று சொன்னால் நம்பலாம்.

அந்நியர்கள் இந்தப் பாதையில் நமக்கு முன்னே அறுபது வருஷம் நடந்திருக்கிறார்கள். 1965 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜெமினி-5 இந்த ஜாதிக் கலத்தோடு பறந்தது. சந்திரனுக்குப் போன அப்போலோ கப்பல்களில் மூன்று கலங்கள் இருந்தன. அவை கொடுத்த மின்சாரத்தில் கப்பல் ஓடியது, அவை கொடுத்த தண்ணீரை மாலுமிகள் குடித்தார்கள். இதன் மறுபக்கத்தையும் அவர்களே பார்த்தார்கள். 1970 ஏப்ரல் 13-ல் அப்போலோ-13-ன் ஆக்ஸிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. வாயு போயிற்று, அதோடு கலங்கள் நின்றன, மின்சாரமும் குடிதண்ணீரும் ஒரே சமயத்தில் போயின. பாட்டரியில் ஓடுகிற சின்ன இறங்குகலத்துக்குள் மூவரும் ஒடுங்கிக்கொண்டு, தண்ணீரை வாய் வாயாய் அளந்து குடித்து, குளிரில் நடுங்கி வீடு திரும்பினார்கள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே உக்கிராணம் வைத்தால் சாவி தொலைகிற அன்று இரண்டும் தொலையும்.

மற்றவர்கள் சந்திர இரவுக்கு வேறு மருந்தும் கண்டிருக்கிறார்கள். 1970-ல் ருஷ்யாவின் லூனகோத் வண்டி பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருளின் சூட்டில் குளிர் காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருந்தது. சீனர்களும் அந்த வழியே போகிறார்கள். ஜப்பானின் 'ஸ்லிம்' 2024 ஜனவரியில் தலைகீழாக இறங்கி, குளிர்காயும் அடுப்பு ஒன்றுமில்லாமலே மூன்று இரவுகளைத் தாண்டி எழுந்து, செய்தவர்களையே திகைக்க வைத்தது. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் திட்டம் போட முடியாதல்லவா? ஆகையால் அதே ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் மனிதர்கள் ஏறிச் செல்லும் சந்திர வண்டியை எரிபொருள் மின்கலம் கொண்டு செய்ய முனைந்திருக்கிறார்கள். சூரியனே எட்டிப் பாராத துருவப் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டுமானால், வெயில் தகடு என்ன செய்யும்? அந்தப் பள்ளங்களில்தான் உறைந்த தண்ணீர் இருக்கிறது. சந்திரனில் நீர் உண்டு என்பதற்கு 2009-ல் அத்தாட்சி கொண்டு வந்ததில் நம் சந்திரயான்-1-க்குப் பெரும் பங்கு உண்டு. அதை நடத்தியவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த ஸ்ரீ மயில்சாமி அண்ணாதுரை. அந்தப் பனியை வெட்டியெடுத்துப் பிரித்தால், விறகையும் பூமியிலிருந்து சுமக்க வேண்டாம். அங்கேயே காடு இருக்கிறது. ஜப்பானோடு கூடிச் செய்யும் சந்திரயான்-5-க்கு 2025 மார்ச்சில் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தார்கள். அது தேடிப் போவது அந்தத் தண்ணீரைத்தான்.

நம்மவர்களுக்கு ஹைட்ரஜன் பழக்கமில்லாத பொருளல்ல. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், தெற்கே திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில், உறைநிலைக்குக் கீழே 253 டிகிரியில் அதைத் திரவமாக்கி ராக்கெட் என்ஜின்களுக்கு ஊட்டுகிறார்கள். சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் மேலடுக்கு ஓடியது அந்தத் திரவத்தில்தான். 2013 ஜூலையில் அதே மகேந்திரகிரியில் டாடா கம்பெனியும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ஒரு ஹைட்ரஜன் பஸ்ஸை ஓட்டிக் காட்டினார்கள். காரைக்குடியில் மின் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் ஸ்ரீ நேரு அஸ்திவாரக் கல் நாட்டியபோது, வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இந்தக் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. 2024 பிப்ரவரி 28-ல் கொச்சிக் கப்பல்கட்டும் தளத்தார் கட்டிய ஹைட்ரஜன் படகு ஒன்றுக்குப் பிரதம மந்திரி கொடி அசைத்தது தூத்துக்குடியிலிருந்து. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறைமுகம் அது! சந்திரயான்-2 கால் ஊன்றிப் பழகுவதற்கான மண்கூட நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலைக் கிராமங்களின் பாறையைப் பொடித்துக் கிடைத்ததுதான்.

நாம் இப்படி உற்சாகமாய்ப் பேசிக்கொண்டே போனபோது, காப்பி கொண்டுவந்த நண்பரின் மனைவி, "அண்ணா, சந்திரனுக்கு விளக்கேற்றுகிறது இருக்கட்டும். இந்த ஸ்டோருக்கு எப்போது விளக்கு வரும்?" என்று கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்வி. மழுப்பிப் பதில் சொல்ல நமக்கு இஷ்டமில்லை. இன்றைய விலையில் ஓர் ஏலக்காய் ஸ்டோருக்கு எரிபொருள் மின்கலம் வைப்பது வெள்ளிக்கரண்டியால் கிணறு தோண்டுவதைப் போன்றது. தகட்டுக்குப் பிளாட்டினம் வேண்டும். சவ்வு விலை அதிகம். உலகத்தில் இன்று உண்டாகும் ஹைட்ரஜனில் பெரும் பகுதி பூமியிலிருந்து எடுக்கும் வாயுவையும் நிலக்கரியையும் கொண்டு செய்வது. அதில் புகை மிச்சமில்லை, இடம் மாறிய புகைதான். மலையிலே கூரைமேல் வெயில் தகடும் ஒரு நல்ல பாட்டரியும் வைத்தால் விசிறிக்கும் விளக்கிற்கும் போதும். எடையைப் பற்றிக் கவலைப்படாத இடத்தில் பாட்டரிதான் ராஜா. இந்தக் கலத்தின் பெருமையெல்லாம், சுமையைக் கிலோ கிலோவாய் எண்ண வேண்டிய இடத்திலும், இருட்டு நாள் கணக்காய் நீளும் இடத்திலும்தான்.

ஆனால் ஒன்றை அந்த அம்மாளும் ஒப்புக்கொண்டார். ஸ்டோர் அடுப்புக்கு ஒவ்வோர் எடுப்புக்கும் விறகு வேண்டும். விறகு மரத்திலிருந்து வருகிறது. ஏலச்செடியோ மர நிழல் இல்லாவிட்டால் வாழாது. செடியை வாழ வைக்கும் மரத்தை வெட்டித்தான் காயைக் காய வைப்பது என்றால், அந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? உஷ்ணத்தைச் சிந்தாமல் சேமிக்கும் வித்தையைச் சந்திரனுக்காகக் கற்கிறவர்கள், போகிற வழியில் இந்த அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.

நண்பருக்கு விஞ்ஞானத்தின் பேரில் வேறு ஒரு குறை. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில், பாறையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அனுமதித்தது. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்று ஊரார் எதிர்த்தார்கள்; வழக்குகள் நடந்தன; ராஜ்ய சர்க்காரும் கூடாதென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னார்கள். "எங்களைக் கேட்காமல் எங்கள் மலையைப் பற்றி முடிவு செய்தார்கள்" என்கிறார் நண்பர். "கேட்டிருந்தால் புரிந்திருக்கும்" என்கிறான் மகன். இந்தத் தகப்பன் மகன் வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டோம். இவ்வளவு மாத்திரம் சொல்வோம்: பெரியவர் அன்று கேட்ட கேள்வியைப் போல ஒரு கேள்வி கேட்கிறவர்கள் எந்த ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கு விஞ்ஞானிகளுக்கு ஒரு ராத்திரியாவது பொழுது இருக்க வேண்டும்.

மணி இரண்டரைக்குக் கரண்டு வந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது. பையன் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தான். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புறப்படும்போது பெரியவர் கூப்பிட்டார்.

"அய்யா, அந்த வண்டி இன்னும் அங்கேதானே நிக்குது? இனிமே யாராச்சும் போய் அனல் காட்டினா எந்திரிக்குமா?"

"எழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம், பெரியவரே. உள்ளே இணைப்பெல்லாம் விட்டுப் போயிருக்கும்."

"அப்போ அடுத்த தடவை போறப்பவே விறகோட அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லி, இரும்புக் கதவைத் திறந்து இன்னொரு கட்டையைத் தள்ளினார்.